அஸ்தமிக்காத பகல்

வேனிற்காலம் வந்துவிட்டால் நாம் நிழலைத் தேடி ஓடுகிறோம். நார்வே தேசத்து ஜனங்களோ வெயிலைத் தேடி ஓடுகிறார்கள். இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. நமக்குச் சூரியன் வருஷம் முழுவதும் தாராளமாக வாரி வழங்குகிறான். நார்வேயின் வடபகுதியிலுள்ள லொஃபோத்தன் தீவுகளிலோ, டிசம்பர் மாதத்தில் சில வாரங்கள் அவன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தப் பாக்கியைக் கோடையில் வட்டியும் முதலுமாகத் தீர்த்துவிடுகிறான். மே மாதக் கடைசியிலிருந்து ஜூலை நடு வரையில் அங்கே அஸ்தமனம் என்ற பேச்சே கிடையாது!

அத்தகைய இடத்தில், யாதொரு அவசரமும் இல்லாமல், கடற்கரை ஓரமாக ஒரு நாள் கூடாரம் அடித்துத் தங்குவதென்றால் எப்படியிருக்கும்?

வெஸ்ட்வோகெய் தீவில் ஹௌக்லாந்து என்று ஒரு கடற்கரை. அங்கிருந்து உத்தக்லைவ் என்னும் சிற்றூருக்கு மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போட்டிருக்கிறார்கள். மோட்டாரில் போகிறவர்கள் அதன் வழியாகச் சில நிமிஷங்களில் போய்விடலாம். நாமோ நேரத்தைச் செலவழிக்கவே வந்தவர்கள் அல்லவா? ஆகையால் மலையடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு போகும் பழைய பாதையில் நடப்போம். ஒரு பக்கம் செங்குத்தான மலை. மறு பக்கம் சமுத்திரம். சிப்பிகள் நொறுங்கி உண்டான மணல் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அதன்மேல் அலை பச்சை நிறமாகப் புரள்வதைப் பார்த்தால் உடனே குதித்து நீந்தலாமென்று தோன்றும். காலை நனைத்த மறு கணமே அந்த எண்ணம் பறந்துவிடும். நடுக்கோடையிலும் ஜலத்தின் உஷ்ணம் 12 டிகிரி ஸெண்டிகிரேடு இருந்தால் அதிகம்!

உண்மையில், இவ்வளவு உஷ்ணம் இருப்பதே ஆச்சரியம். இத்தீவுகள் 68-வது அட்சரேகைக்கு அருகில், அதாவது வடதுருவ வட்டத்துக்கும் அப்பால் இருக்கின்றன. அதே அட்சரேகையிலுள்ள ஸைபீரியப் பிரதேசங்களில் குளிர்காலத்தில் ரத்தமே உறைந்துவிடும் போன்ற குளிர். இங்கேயோ கடல் உறைவதில்லை. அட்லாண்டிக் சமுத்திரத்திலிருந்து வெதுவெதுப்பான நீரோட்டம் ஒன்று இந்தக் கரையோரமாக வடக்கே செல்வதுதான் காரணம்.

சரி, கூடாரத்தை எங்கே அடிப்பது? நிலத்துக்குச் சொந்தக்காரர் யாரோ, அவரிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமோ என்று நீங்கள் கவலைப்படலாம். வேண்டியதில்லை. 'எல்லா மனிதருடைய உரிமை' என்று அங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. 1957-ம் வருஷத்தில் அதைச் சட்டமாகவே எழுதிவைத்தார்கள். பயிர் செய்யாத நிலம் யாருடையதானாலும் அதில் யாரும் நடக்கலாம், இரவு தங்கலாம். நிபந்தனைகள் சில உண்டு. குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். ஊரை அடுத்த இடங்களில் இரண்டு நாளைக்கு மேல் தங்குவதானால் சொந்தக்காரரின் அநுமதி தேவை. ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரையில் காட்டிலும் காட்டின் அருகிலும் நெருப்பு மூட்டக் கூடாது.

ஆகவே, சிறு அடுப்பு ஒன்றில் கெட்டிலை ஏற்றுவோம். காப்பித் தூளை அதிலேயே போட்டுக் கொதிக்கவைத்து, வண்டல் அடியில் தங்கியதும் ஊற்றிக் குடிப்பது அந்நாட்டு வழக்கம். ஆடுகள் பக்கத்தில் வந்து விசாரித்துவிட்டுப் போகும். பிறகு தூண்டிலைப் போட்டுக்கொண்டு பாறைமேல் உட்காரலாம். மீன் அகப்பட்டால் சந்தோஷம். அகப்படாவிட்டாலும் பொழுது நஷ்டமில்லை.

நள்ளிரவு வருகிறது, இருள் வரவில்லை. சூரியன் வடக்கே கடல்மட்டம் வரையில் இறங்குகிறது. ஜூன் 21-ந் தேதியன்று, தன் அகலத்தைப் போல் மூன்று மடங்கு உயரத்தில் அது கடலின் மேலாகவே பக்கவாட்டில் நகர்ந்து, பிறகு மெல்ல ஏறத் தொடங்குகிறது. மணலும் மலையும் பொன்னிறமாகின்றன. பறவைகள் உறங்குவதில்லை, குழந்தைகளை உறங்கச் சொல்லவும் காரணம் அகப்படுவதில்லை. கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டியிருக்கிறது.

இத்தனை இன்பத்துக்கும் இப்போது ஓர் ஆபத்து வந்திருக்கிறது. லொஃபோத்தன் தீவுகளின் ஜனத்தொகை ஏறக்குறைய 25,000-தான். கோடையில் வருகிறவர்களோ அதைப்போல் பல மடங்கு. ஒருவர் மிதித்த புல் நிமிர்ந்துகொள்ளும்; ஆயிரம் பேர் மிதித்தால் அடியிலுள்ள மெல்லிய மண்ணும் பெயர்ந்துவிடும். குப்பையையும் அசுத்தத்தையும் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? சாலையோரக் கடற்கரைகள் சிலவற்றில் 'இங்கே கூடாரம் அடிக்கக் கூடாது' என்ற பலகைகள் தோன்றிவிட்டன. தலைமுறை தலைமுறையாகப் பலகையே இல்லாமல் நடந்துவந்த வழக்கத்துக்கு இது எவ்வளவு பெரிய நஷ்டம்!

பலகை நட்டவர்களைக் குறை கூறிப் பயனில்லை. பிறர் நிலத்தில் தங்கும் உரிமையை அளித்த அதே சட்டம், பிறருக்குத் தீங்கில்லாமல் நடந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. முதற்பாதியை எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். பிற்பாதியைத்தான் பலர் படிக்கவில்லை. எழுதியவர்கள் 1957-லேயே தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள். இனி அந்த உரிமையைக் காப்பாற்றக் கூடியவர்கள், கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு புறப்படும்போது, விட்டுப்போகும் இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறவர்கள்தான்.