16 கோடி ரூபாய்ப் பாலமும் மூன்று மாத ஆயுளும்

திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டு வட்டாரத்தில், அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைக்கத் தென்பெண்ணையாற்றின் குறுக்கே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டிய உயர்மட்டப் பாலம் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.6 லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட, பாலம் அடித்துச் செல்லப்பட்டது.

வினாடிக்குச் சுமார் 54 ஆயிரம் கனஅடி வெள்ளத்துக்கே பாலம் வடிவமைக்கப்பட்டது என்றது அரசு. குற்றத்தை மறுப்பதாக நினைத்து ஒப்புக்கொண்டுவிட்டார்கள். சாத்தனூர் அணை 1958 முதல் அங்கேதான் இருக்கிறது. அதன் மதகுகள் அதிகபட்சம் எவ்வளவு நீரை வெளியேற்றும் என்பது நீர்வளத் துறைக்குத் தெரியும். அணைக்குக் கீழே பாலம் கட்டிய நெடுஞ்சாலைத் துறை அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதா?

கட்டுமானச் செலவைக் குறைக்கவும் ஒரு முறை உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத் தட்டுப்பாட்டில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் லாரன்ஸ் மைல்ஸ் வகுத்த முறை மதிப்புப் பொறியியல். ஒரு பொருள் செய்ய வேண்டிய வேலையை முதலில் வரையறுத்து, அந்த வேலை குறையாமல் செலவைக் குறைப்பதே அதன் விதி. வெள்ளத்திலும் ஊர் துண்டிக்கப்படாமல் காப்பதுதான் உயர்மட்டப் பாலத்தின் வேலை. மற்ற நாளில் ஆற்றைக் கடக்கத் தரைப்பாலமே போதும். பாலக் கண்களின் நீளம், கர்டர் வகை, ஜல்லி வரும் தூரம் என்று சிக்கனத்துக்கு இடம் நிறைய உண்டு. வெள்ளக் கணக்கிலும் அஸ்திவார ஆழத்திலும் கைவைப்பது சிக்கனம் ஆகாது.

இங்கே எஸ்டிமேட்டைக் குறைக்க வெள்ள அளவைக் குறைத்தார்களா, கணக்கே பிழையா என்பதைக் கோப்புதான் சொல்லும். அந்த வடிவமைப்புக் கோப்பை அரசு முழுமையாக வெளியிட வேண்டும். ஒப்புதல் கையெழுத்திட்டவர்கள் மீது பொறுப்பு சுமத்த வேண்டும். அணைகளுக்குக் கீழுள்ள எல்லாப் பாலங்களின் வெள்ளக் கணக்கையும் துறைக்கு வெளியேயுள்ள பொறியாளர்கள் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

கோயில் நகரான திருவண்ணாமலையில் நடக்கும் சாலை, வடிகால் பணிகளுக்கும் இதே அளவுகோல்தான். சாதாரண நாளின் கூட்டத்தை வைத்து அல்ல, கார்த்திகை தீபக் கூட்டத்தை வைத்தே அவற்றுக்குத் திட்டம் போட வேண்டும்.

அடித்துச் செல்லப்பட்ட பாலத்துக்கும் மறுபடி கட்டும் பாலத்துக்கும் பணம் கொடுப்பவர்கள் மக்களே. அவர்களுக்குக் கணக்குக் காட்டாமல் அந்த ஆற்றங்கரையில் ஒரு மூட்டை சிமெண்டுகூட இறங்கக் கூடாது.