பழைய வீணைக்கு என்ன விலை?

இலத்தூர்ப் பக்கம் பரணிலிருந்து பழைய வீணை இறங்கினால், வாங்க வருகிறவர் முதலில் யாளி முகத்தைத்தான் பார்க்கிறார். தவறு. குடத்தைத் தட்டிக் கேட்க வேண்டும். குடமும் தண்டியும் ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையா, ஒட்டு வீணையா என்று தடவிப் பார்க்க வேண்டும். 24 மெட்டுகளைத் தாங்கும் மெழுகு தளர்ந்திருந்தால் கவலை வேண்டாம்; மெழுகில் மெட்டுகளை மறுபடி பொருத்தி மேளம் கட்டிவிடலாம். சாரல் ஈரத்தில் கிடந்து குடம் வெடிப்பு விட்டிருந்தால்தான் நாதம் போகும். தந்தம் பதித்திருந்தால் விற்பதே சட்டப்படி குற்றம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அலங்காரமாக வைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. நாள்தோறும் வாசித்த வீணையில் மெட்டுகள் தேய்ந்திருக்கும். அந்தத் தேய்வுக்குத்தான் நான் கூடுதலாகக் கொடுப்பேன்.