'மழைக்கு வாய்ப்பு' என்றால் எத்தனை சதவீதம்?

சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை மதியம் செய்தி மேசைக்கு வந்ததும், மறுநாள் தாளுக்கு அதைச் சுருக்கி எழுதுவது பல ஆண்டுகளாக என் வேலை. 'ஓரிரு இடங்களில் கனமழை பெய்ய வாய்ப்பு' என்று எழுதி அனுப்புவேன். அந்த வரியில் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் எண் இருக்கிறது. அது வாசகருக்குப் போய்ச் சேரவில்லை. சேர வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

'ஓரிரு இடங்கள்' என்றால் அந்தப் பகுதியின் மழை அளக்கும் நிலையங்களில் 25 சதவீதம் வரை. பாதி வரை போனால் 'சில இடங்கள்', முக்கால் வரை 'பல இடங்கள்', அதற்கும் மேல் 'பெரும்பாலான இடங்கள்'. ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதையும் தாண்டினால் அதி கனமழை. ஆங்கில அறிக்கையில் 'லைக்லி' என்று போட்டால் 25 முதல் 50 சதவீத வாய்ப்பு, 'வெரி லைக்லி' என்றால் 50 முதல் 75. இந்திய வானிலை ஆய்வுத் துறை இதை ஒளித்து வைக்கவில்லை. அட்டவணையாகவே கொடுக்கிறது. நாளிதழுக்கும் டிவிக்கும் வரும் வழியில் அட்டவணை உதிர்ந்து சொல் மட்டும் மிஞ்சுகிறது.

ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் அறிக்கைகளிலோ அதே 'லைக்லி' 66 சதவீதத்துக்குக் குறையாத வாய்ப்பு. 'வெரி லைக்லி' 90க்கு மேல். கடல்மட்டம் பற்றிய கட்டுரையிலும் நாளைய மழைச் செய்தியிலும் நாங்கள் 'வாய்ப்பு' என்றுதான் எழுதுகிறோம். ஒன்று மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். மற்றொன்று பாதியையே தாண்டாது.

இந்தச் சிக்கலை உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் ஷெர்மன் கென்ட். யேல் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர். பிறகு அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவில் மதிப்பீட்டு அறிக்கைகளைத் தயாரித்தவர். 1951இல் யூகோஸ்லாவியா தாக்கப்படுமா என்ற கேள்விக்கு அவருடைய குழு 'சீரியஸ் பாசிபிலிட்டி' என்று பதில் எழுதியது. அப்படியென்றால் எவ்வளவு என்று வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர் கேட்டார். 65க்கு 35 என்றார் கென்ட். அதிகாரி திடுக்கிட்டார், அவர் அதைவிட மிகக் குறைவாக நினைத்திருந்தார். கென்ட் திரும்பிப்போய், அந்த வாசகத்துக்குச் சம்மதம் சொன்ன தன் சகாக்களையே ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர் மனதில் 20 சதவீதம், இன்னொருவர் மனதில் 80. எல்லோரும் ஒரே சொல்லுக்குத்தான் தலையாட்டியிருந்தார்கள். சொல்லுக்கு எதிரே எண்ணை எழுதிவைக்க வேண்டும் என்று அவர் முயன்றதை 1964இல் கட்டுரையாக எழுதினார். எண் வேண்டாம், சொல்லே போதும் என்று எதிர்த்தவர்களைக் 'கவிஞர்கள்' என்று அழைத்தார்.

நம் ஊரில் 2023 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டு சராசரியைவிட அதிகம். முன்னறிவிப்பு போதுமானதா என்று மாநில அரசும் மத்திய அரசும் பிறகு வாதாடின. என்னை உறுத்துவது வேறு. 21 செ.மீ.க்கும் 95 செ.மீ.க்கும் நம்மிடம் இருப்பது 'அதி கனமழை' என்ற ஒரே பெயர். முதலாவதில் தெருவில் தண்ணீர் நிற்கும்; இரண்டாவதில் ஊரே மூழ்கிவிடும்.

சதவீதம் சொன்னால் சாதாரண மக்களுக்குப் புரியாது என்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருக்கும் என் மைத்துனர் அக்டோபர் வந்தால் போன் செய்வார். "அத்தான், வாய்ப்பு இருக்குன்னு போட்டிருக்கீங்க. எவ்வளவு இருக்கு?" என்பார். குவித்த உப்பை மூட ஓலையும் தார்ப்பாயும் வேண்டும், ராத்திரியோடு ராத்திரியாக ஆள் பிடிக்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். முப்பது சதவீதம் என்றால் கரையோரக் குவியலை மட்டும் மூடுவார். எண்பது என்றால் இருக்கிற ஆளையெல்லாம் கூப்பிடுவார். வட்டிக்கு வாங்கிப் பாத்தி கட்டுகிறவருக்குச் சதவீதம் புரியாது என்று யார் முடிவு செய்தது?

எண்ணுக்கு இன்னொரு பலமும் உண்டு: பின்னால் சரிபார்க்கலாம். 30 சதவீதம் என்று சொன்ன நூறு நாட்களில் முப்பது நாள் அளவுக்குப் பெய்திருந்தால் கணிப்பு நல்ல கணிப்பு. 'பெய்யக்கூடும்' என்ற சொல்லை இப்படிச் சோதிக்க வழியே இல்லை. பெய்தாலும் சரி, பெய்யாவிட்டாலும் சரி. அமெரிக்க வானிலைத் துறை 1960களின் நடுவிலிருந்தே மழை வாய்ப்பைச் சதவீதமாகச் சொல்லி வருகிறது.

வானிலைப் பெட்டியில் மாவட்டப் பெயருக்கு எதிரே மூன்று எண்கள் போதும்: எத்தனை செ.மீ., எத்தனை சதவீத இடங்களில், எவ்வளவு வாய்ப்பு. ஆய்வு மையம் அந்த அட்டவணையைத் தமிழ் அறிக்கையின் தலையிலேயே கொடுக்கட்டும். நாளிதழ்கள் அதை வெட்டாமல் போடட்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. இந்த எண்களைப் போடப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.