எந்தச் சக்கரம் நல்லது?

1970களில் கலிஃபோர்னியாவின் டமல்பயஸ் மலைச்சரிவுகளில் உருவானது மலை மிதிவண்டி. அதற்கு 26 அங்குலச் சக்கரங்கள். அதிர்வு தாங்கி எதுவும் கிடையாது. இன்றைய வண்டிகள் பலவற்றில் முன்னும் பின்னும் அதிர்வு தாங்கிகள் உண்டு. சக்கரமோ 29 அங்குலம், அல்லது இடைப்பட்ட 27.5 அங்குலம்.

இரண்டில் எது நல்லது? வாங்குவோர் பலரும் இந்தக் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். இது அவ்வளவு பெரிய கேள்வியா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

சக்கரம் 10 செ.மீ. உயரக் கல்லில் மோதுகிறது. டயருடன் சேர்த்து 27.5 அங்குலச் சக்கரத்தின் ஆரம் சுமார் 35 செ.மீ.; மற்றதற்கு 37 செ.மீ. வட்டம் வரைந்து, கல்லின் முனையைத் தொடும் ஆரத்தை இழுங்கள். செங்குத்துக் கோட்டுடன் அது அமைக்கும் கோணம் சிறிதானால், கல்லில் ஏறுவது எளிது. சிறிய சக்கரத்துக்கு அது 44 பாகை, பெரியதற்கு 43. வேறுபாடு ஏறத்தாழ ஒரு பாகைதான்!

ஆகவே, முதலில் உங்கள் உயரத்துக்கு ஏற்ற சட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். உயரம் குறைந்தவர்களுக்கு 27.5 அங்குலச் சக்கரம் வசதியாக இருக்கும். அடுத்து, வண்டியில் ஏறி அமருங்கள். பின்புற அதிர்வு தாங்கி, தன் மொத்த அசைவில் 25 முதல் 30 விழுக்காடு வரை அமிழ வேண்டும். காற்றழுத்தத்தைக் கூட்டியோ குறைத்தோ இதைச் சரிசெய்யலாம். இதைச் செய்யாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியானாலும் கற்களின் மேல் துள்ளும், பிடி தவறும், நீங்கள் விழுவீர்கள்.

கடைக்குப் போகும்போது விளம்பரத்தாளை வீட்டில் வைத்துவிட்டு, அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள்.