சலம் சொட்டுவது வயதின் விதியல்ல

“வயசு போனா சலம் சொட்டத்தான் செய்யும்; தண்ணியைக் குறைச்சாச் சரி.” மட்டக்களப்பின் கல்லடியில் இப்படிச் சொல்லியே ஆண்களின் வாயை அடைத்துவிடுகிறார்கள். இந்த வாதம் தவறு; ஆபத்தானதும்கூட.

கல்லடி வெயிலில் தண்ணீரைக் குறைத்தால் சலம் செறிவாகிச் சலப்பையை உறுத்தும், அவசரம் கூடும். கல்லுக்கும் கிருமித்தொற்றுக்கும் வழி திறக்கும்.

சொட்டுவதற்குக் காரணம் உண்டு. வீங்கிய புரஸ்டேட் சுரப்பி பாதையை நெருக்கினால் பை முழுதாகக் காலியாகாது, நிரம்பி வழியும். நாட்பட்ட சீனி வருத்தம் பையின் நரம்பைக் கெடுத்தாலும் அதே கதிதான். கவனியாமல் விட்டால் சிறுநீரகமே பழுதாகலாம். புரஸ்டேட் சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் கசிவோ பலருக்குச் சில மாதங்களில் குறைந்துவிடும். 1948இல் ஆர்னல்ட் கெகல் பெண்களுக்காக எழுதிய இடுப்புத்தசைப் பயிற்சி இங்கும் கைகொடுக்கிறது.

போய் முடித்து எழும்பியபின் சாரத்தில் விழும் அந்தச் சில துளிகள்? விதைப்பைக்குப் பின்னால் விரல் வைத்து, முன்னோக்கி மெல்ல அழுத்தித் தடவினால் குழாயில் தங்கியது வெளியேறும். இவ்வளவு எளிய விசயத்தைச் சொல்லித்தர ஆளில்லாமல் கோயில் திருவிழாவையும் கலியாண வீட்டையும் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

கறுத்த சாரம் உடுத்து மறைத்தது போதும். கல்லடிப் பாலம் கடந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. அரச வைத்தியசாலையில் காட்டுவதற்குக் காசு கேட்பதில்லை. அப்பாவையோ மாமாவையோ இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள்.