காய்ச்சல் மாத்திரையும் கல்லீரலின் எலக்ட்ரான் கணக்கும்

ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியில கருக்கவர் பொருள், எலக்ட்ரான் கவர் பொருள்னு படிச்சது ஞாபகம் இருக்கா? "இதெல்லாம் வாழ்க்கைல எங்க வரப்போகுது"ன்னு கேட்டவங்களுக்குத்தான் இந்த இழை.

1. சில மூலக்கூறுகளிடம் கொடுக்க எலக்ட்ரான் இருக்கும். அவை கருக்கவர் பொருட்கள். சிலவற்றுக்கு எலக்ட்ரான் பற்றாக்குறை. யாரிடம் கிடைத்தாலும் போய் ஒட்டிக்கொள்ளும். அவை எலக்ட்ரான் கவர் பொருட்கள்.

2. நாம் போடும் பாராசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் பத்திரமாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் 'நாப்கி' என்ற நச்சாக மாறும். அது எலக்ட்ரானுக்கு அலையும் ஆசாமி.

3. அதை மடக்கிப் பிடிப்பது குளூட்டாதையோன். இதில் உள்ள கந்தகம் தன் எலக்ட்ரானைக் கொடுத்து நாப்கியோடு இணைந்துவிடும். கதை முடிந்தது. அதனால் சரியான அளவில் பாராசிட்டமால் பாதுகாப்பான மருந்து. பயம் வேண்டாம்.

4. அளவு மீறினால்? குளூட்டாதையோன் கையிருப்பு தீர்ந்துபோகும். அப்போது நாப்கி கல்லீரல் செல்லின் புரதங்களிலேயே போய் ஒட்டும். செல் சாகும்.

5. இதற்கு மாற்று மருந்து என்-அசிடைல் சிஸ்டைன். தீர்ந்துபோன குளூட்டாதையோனை மறுபடி உருவாக்க உதவும். 8 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் மிக அதிகம். தாமதமானாலும் கொடுப்போம், ஆனால் செத்த செல்லை அது மீட்காது.

6. இங்கேதான் பிரச்சினை. முதல் நாள் லேசான குமட்டல் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். "நல்லாத்தானே இருக்கா"ன்னு வீட்டிலேயே வெச்சிருப்பாங்க. கண் மஞ்சளாகும்போது மூணு நாள் ஓடியிருக்கும். என்னைக் கேட்டால், இந்த "நல்லாத்தானே இருக்கா" என்ற வார்த்தைதான் பாராசிட்டமாலை விட ஆபத்து.

7. தெரியாமலும் அளவு மீறும். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று. மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கலாம். அட்டையில் மருந்தின் பெயரைப் பாருங்க. அந்தப் பெயரைத் தமிழிலும் பெரிதாக அச்சிட வேண்டும் என்பது என் கருத்து.

8. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் உச்ச வரம்பு 4 கிராம். 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஆறு. அதுவும் இடைவெளி விட்டு. தினமும் குடிப்பவர்கள், சரியாகச் சாப்பிடாதவர்கள், கல்லீரல் நோயாளிகளுக்கு வரம்பு இன்னும் குறைவு. குழந்தைகளுக்கு எடையை வைத்துத்தான் அளவு.

9. யாராவது அதிகமாகப் போட்டுவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. மாத்திரை அட்டையோடு உடனே அரசு மருத்துவமனைக்கு வாங்க, அல்லது 108-ஐ அழைங்க. "ஏன் சாப்பிட்ட?" என்ற விசாரணை, திட்டு, ஊர் என்ன சொல்லும் என்ற கவலை எல்லாம் அப்புறம். நாப்கி அதுக்கெல்லாம் காத்திருக்காது.

வீட்டில் மாத்திரை டப்பா வைத்திருக்கும் எல்லோருக்கும் பகிருங்கள்.