கணக்குக் காட்டாதவர்கள்

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் புகழாத மேடை நம்மிடம் இல்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர் அது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட சாசனங்கள், வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் குடவோலையிலிருந்து விலக்குகின்றன. நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்க்கே உரிய சபை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கணக்கு என்ற சொல்லுக்கு அங்கே பொருள் இருந்தது.

நம் காலத்துக்கு வாருங்கள். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளும் தனி அலுவலர் ஆட்சி. 2019 அக்டோபரில் இந்திய, சீனத் தலைவர்கள் மாமல்லபுரத்துச் சிற்பங்களை ரசித்தபோது, அருகிலுள்ள கோவளத்திலும் பட்டிபுலத்திலும் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு தலைவர் இல்லை. தேர்தல் இல்லையென்று மத்திய நிதிக்குழு மானியமும் தடைப்பட்டது.

2024-25இல் பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா நிதியைத் தில்லி நிறுத்தியபோது சென்னை எழுப்பிய குரல் நியாயமானது. கொள்கையை ஏற்றால்தான் பணம் என்பது கூட்டாட்சி அன்று. அந்த நியாயம் கோட்டை வாசலோடு ஏன் நின்றுவிடுகிறது? அரசியல் சாசனத்தின் பதினோராம் அட்டவணையிலுள்ள 29 பொருள்களில் பள்ளியும் நூலகமும் உண்டு. ஆனால் ஆசிரியர் இல்லையென்று கிராமசபை தீர்மானம் போடலாம், நியமிக்க இயலாது.

கல்வெட்டுப் பெருமை போதும். ஊராட்சிக்கு வந்த பணம் எவ்வளவு, பள்ளிக்குச் சென்றது எவ்வளவு என்பதைப் பள்ளிச் சுவரில் எழுதி வையுங்கள். உத்திரமேரூரில் கணக்கைச் சுவரில் கேட்டவர்கள் நம் முன்னோர்தாமே?